படையதிகாரியின் தாள்களில் உழவர்: தாமஸ் மன்றோவின் கடிதங்களும் கல்வராயன் மலையடிவாரமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வேளாண்மை எப்படி இருந்தது என்று அறிய முயலும் எவரும், நான்கு படையதிகாரிகள் எழுதிவைத்த தாள்களைக் கடந்து செல்ல முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீடு, அவருடைய உதவியாளர்களான தாமஸ் மன்றோ, வில்லியம் மக்லியோடு, ஜேம்ஸ் கிரகாம் ஆகியோரே அந்நால்வர். இவர்களுள் மன்றோவின் தாள்கள் தனிச்சிறப்புடையவை. அலுவல் அறிக்கைகளோடு தந்தைக்கும் சகோதரிக்கும் நண்பர்களுக்கும் அவர் எழுதிய கடிதங்களும் சேர்ந்து கிடைப்பதால், நிலத்தை அளந்த அதிகாரியையும் அதே நிலத்தில் தோட்டம் போட்டு மகிழ்ந்த மனிதரையும் ஒருங்கே காண முடிகிறது. உழவரைப் பற்றி ஒரு படையதிகாரியின் தாள்கள் தரும் சான்று எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்ற ஒரே கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது. மன்றோவின் தாள்கள் வழியாக உருவான 'ரயத்துவாரி' என்னும் கொள்கையைக் கல்வராயன் மலையின் வரலாற்றோடு வைத்துப் பார்ப்பதே இங்குக் கையாளப்படும் வழி. ரயத்துவாரி என்பது, அரசு இடைத்தரகர் எவரும் இன்றி ஒவ்வோர் உழவரிடமும் நேரடியாகத் தீர்வை பெறும் முறை.

1. தனித்தாள்கள் என்னும் சான்று

ஒருவர் தம் வாழ்நாளில் எழுதியும் பெற்றும் சேர்த்துவைத்த கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்கேடுகள், வரைவுகள் ஆகியவற்றின் தொகுதி ஆவணக் காப்பகத் துறையில் தனித்தாள்கள் எனப்படும். அரசாணையும் அறிக்கையும் மறைக்கும் தயக்கங்களை இவை காட்டும் என்பதால் வரலாற்றாசிரியர்கள் இவற்றைப் பெரிதும் மதிக்கின்றனர். படைத்தொழிலும் நிலமும் ஒருவர் வாழ்வில் இணைந்த நேர்வுகளில் இவ்வகைத் தாள்கள் மேலும் செறிவாக இருப்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் தலைசிறந்த எடுத்துக்காட்டு. விர்ஜீனியாவில் மவுண்ட் வெர்னன் என்னும் தம் பண்ணையில் 1760களில் புகையிலையைக் கைவிட்டுக் கோதுமைக்கு மாறியவர் அவர். வானிலை, விதைப்பு, அறுவடை ஆகியவற்றை நாட்குறிப்பில் பதிந்ததோடு, பண்ணை மேலாளர்களிடமிருந்து வாரந்தோறும் அறிக்கை பெற்றும் வந்தார். ஆனால் அவர் மறைந்த 1799ஆம் ஆண்டில் அப்பண்ணையில் அடிமைகளாக உழைத்த 317 பேரும் அத்தாள்களில் பெயராகவும் வேலைநாளாகவும் மட்டுமே இடம்பெறுகின்றனர். அந்நிலத்தை உண்மையில் உழுதவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அங்கே விடையில்லை.

விர்ஜீனியாவுக்கும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியை உள்ளடக்கிய பாராமகாலுக்கும் இடையே வரலாறு நேரடியான இழைகளையும் இட்டிருக்கிறது. மன்றோவின் தந்தை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் விர்ஜீனியாவோடு வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அவ்வணிகத்தை முறித்துக் குடும்பத்தை நொடிக்கச் செய்ததனாலேயே, 1761இல் பிறந்த மன்றோ கம்பெனிப் படையில் சேர்ந்து 1780இல் சென்னைக்கு வந்தார். 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த படைக்குத் தலைமை தாங்கிய காரன்வாலிஸ், பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராகி, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற பாராமகாலையும் சேலத்தையும் ரீடின் பொறுப்பில் ஒப்படைத்தார். சென்னையின் குடிமை அதிகாரிகளுள் நாட்டு மொழிகளை அறிந்தவர் மிகச் சிலரே என்பது படையதிகாரிகளை அவர் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம்.

தனித்தாள்கள் அப்படியே நம் கைக்கு வருவதில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. வாஷிங்டனின் கடிதங்களை 1830களில் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ் அவற்றின் நடையைத் தாமே திருத்தினார். வாஷிங்டனின் மனைவி மார்த்தா தமக்கும் கணவருக்கும் இடையிலான கடிதங்களில் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார். மன்றோவின் கடிதங்களை 1830இல் வாழ்க்கை வரலாற்றோடு சேர்த்து மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஜி. ஆர். கிளெய்க், முன்பு போர்வீரராக இருந்து பின்னர் சமயப் பணிக்குச் சென்றவர். சென்னை ஆளுநராக இருந்து 1827இல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்த மன்றோவின் புகழை நிலைநிறுத்துவதே கிளெய்க்கின் நோக்கம். மூலத் தாள்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன என்றாலும், நூற்றாண்டுக்கும் மேலாகப் பொதுவாசகர்கள் அறிந்த மன்றோ, கிளெய்க் தேர்ந்து தந்த மன்றோவே ஆவார்.

2. பாராமகாலும் சேலமும்: 1792–1799

ரீடு திருப்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு நாட்டை மூன்று பிரிவுகளாகப் பகுத்தார். தருமபுரியை மையமாகக் கொண்ட நடுப்பிரிவு மன்றோவுக்கும், சேலத்தை உள்ளிட்ட தென்பிரிவு மக்லியோடுக்கும், வடபிரிவு கிரகாமுக்கும் ஒதுக்கப்பட்டன. முதலில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகையாகத் தீர்வையை நிலைப்படுத்தும் எண்ணத்தோடு தொடங்கிய ரீடு, வயல்வாரியாக நிலத்தை அளந்து, நஞ்சை புஞ்சை பிரித்து, மண்ணுக்கேற்பத் தரம் வகுத்தார். குத்தகைக் காலம் முழுவதும் ஒரே தீர்வையைத் தாங்கும் வலிமை உழவர்களுக்கு இல்லை என்பது நடைமுறையில் தெரிந்தபோது அவரது எண்ணம் மாறியது. 1796 டிசம்பர் 10ஆம் நாளிட்ட அவருடைய அறிவிப்பு, உழவர் ஆண்டுதோறும் தாம் விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளவோ விட்டுவிடவோ இசைவளித்தது. குத்தகையா, ஆண்டுத் தீர்வையா என்ற கேள்வியில் 1796, 1797 ஆண்டுகளில் ரீடுக்கும் மன்றோவுக்கும் நடந்த எழுத்து விவாதம், தென்னிந்திய நிலவரிக் கொள்கையின் அடித்தளமாக அமைந்தது.

இந்த ஏழாண்டுகளின் அலுவல் எழுத்துகள் 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் 1907 முதல் சென்னை அரசால் பகுதி பகுதியாக அச்சிடப்பட்டன. குடிகளும் சாதிகளும், விளைபொருள்கள், நிலவாடகை, சுங்கம் எனப் பொருள்வாரியாக அமைந்த இத்தொகுதிகள், ஒரு மாவட்டத்தின் அன்றாட வாழ்வைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்டவற்றுள் மிகவும் விரிவானவை. எந்த மண்ணில் எந்தப் பயிர், ஏற்றம் இறைக்கும் கிணற்றுக்கு என்ன செலவு, எந்தச் சாதியார் எத்தொழில் செய்கின்றனர் என்பன போன்ற செய்திகளுக்கு இன்றும் இவையே முதற்சான்று.

3. ஆய்வாளர்களின் விளக்கங்கள்

மன்றோவின் தாள்களை ஆய்வாளர்கள் மூன்று வகையாகப் படித்துள்ளனர். முதல் வகை கிளெய்க் தொடங்கி, 1881இல் மன்றோவின் அலுவல் குறிப்புகளைத் தொகுத்த அர்பத்நாட் வரை நீளும் புகழ்நெறி: குதிரையேறிக் கிராமம் கிராமமாகச் சென்று, கூடாரத்தில் தங்கி, உழவரோடு அவர் மொழியில் பேசிய நல்லாட்சியாளர் இவ்வகை நூல்களில் காட்சியளிக்கிறார். இரண்டாம் வகை, 1960களில் வெளிவந்த நீலமணி முகர்ஜி, டி. எச். பீகிள்ஹோல் ஆகியோரின் ஆய்வுகள். இவர்கள் கடிதங்களை அலுவல் ஆவணங்களோடு ஒப்பிட்டு, ரயத்துவாரி ஒரே மனிதரின் கண்டுபிடிப்பு அன்று என்றும், ரீடின் சோதனைகளிலிருந்து படிப்படியாக வளர்ந்தது என்றும் காட்டினர். மூன்றாம் வகைக்கு உரியவர் பர்ட்டன் ஸ்டெய்ன். 1989இல் வெளியான தம் நூலில் அவர், போருக்குப் பணம் திரட்ட இடைநிலைத் தலைவர்களை ஒழித்து நேரடியாக வரி வாங்கிய ஐதர் அலி, திப்பு ஆகியோரின் ஆட்சிமுறையையே மன்றோ பின்பற்றினார் என வாதிட்டார். ஸ்டெய்னின் வாசிப்பில், உழவர்மீதான பரிவைக் காட்டிலும் பாளையக்காரர்களின் வலிமையை முறிக்கும் அரசியல் நோக்கமே ரயத்துவாரியின் உயிர்நாடி.

இவற்றுள் ஸ்டெய்னின் விளக்கம் வலிமையான சான்றுகளைக் கொண்டது. 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி முதலிய விட்டுக்கொடுக்கப்பட்ட மாவட்டங்களை ஆண்டபோது ஏறத்தாழ எண்பது பாளையக்காரர்களின் அதிகாரத்தை மன்றோ ஒழித்தது, அவர் உழவரைத் தேடிச் சென்ற அதே வேகத்தோடு இடைநிலை ஆற்றலை அகற்றவும் சென்றார் என்பதை உறுதி செய்கிறது. ஆயினும் அதே மன்றோ 1807இல் பணியிலிருந்து விடுபடும் வேளையில், நிலத்தீர்வையை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றும், கிணற்றுப்பாசன நிலங்களுக்கு அதற்குமேல் 8 விழுக்காடு குறைப்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். வெறும் அரசியல் கணக்கு இதற்கு முழு விளக்கமாகாது. தாம் வசூலித்த தீர்வை உழவரால் தாங்க முடியாதது என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் ஏழாண்டுகள் அதை வசூலித்தார். இந்த இரண்டையும் ஒருசேரக் காட்டுவதே அவருடைய தாள்களின் சிறப்பு.

4. தோட்டமும் தீர்வையும்

தருமபுரியில் மன்றோ தமக்கென ஒரு தோட்டம் அமைத்திருந்தார். அதில் பழமரங்களை வளர்த்ததையும், 1799இல் கன்னடப் பகுதிக்கு மாற்றலாகியபோது அத்தோட்டத்தைப் பிரிவது துயரமாக இருந்ததையும் சகோதரிக்கு எழுதிய கடிதங்கள் தெரிவிக்கின்றன. மண்ணின்மீது அவருக்கு இருந்த பற்று உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆளுநராகிச் சென்னையில் வாழ்ந்த காலத்திலும், மனைவி இங்கிலாந்து சென்றபின் கிண்டித் தோட்டத்தைப் பற்றி அவருக்கு எழுதிய கடிதங்களில் அதே குரல் கேட்கிறது.

ஆனால் சான்றுமதிப்பைப் பொறுத்தவரை இந்த நெருக்கமே ஓர் ஆபத்தையும் உடன் கொண்டுவருகிறது. தோட்டத்தைப் பற்றி உள்ளம் திறந்து எழுதும் ஒருவர் உழவரைப் பற்றியும் உள்ளபடியே எழுதியிருப்பார் என்று வாசகர் எளிதில் நம்பிவிடுகிறார். மன்றோவின் தோட்டம் மகிழ்ச்சிக்காக வளர்க்கப்பட்டது. அதற்குத் தீர்வைக் கெடு இல்லை, மழை பொய்த்தால் ஜப்தி இல்லை, விதைக்குக் கடன் இல்லை. உழவரின் புஞ்சையைப் பற்றிய அவருடைய அறிவோ விசாரணை வழியாக வந்தது. அந்த விசாரணையின் மறுமுனையில் இருந்தவர், தம் நிலத்தின் தரத்தைக் குறைத்துச் சொன்னால் தீர்வை குறையும் என்பதை அறிந்த உழவர். நடுவில் நின்றவர்கள், கிராமக் கணக்கைக் கையில் வைத்திருந்த கர்ணங்களும், மராத்தியில் கணக்கெழுதிய கச்சேரி ஊழியர்களும். இவ்வளவு கைகளைக் கடந்து வந்த செய்தியே கடிதத்தில் நேரடிக் காட்சியாக வடிவெடுக்கிறது.

உழவருள்ளும் எவர் இத்தாள்களில் இடம்பெற்றார் என்பது அடுத்த கேள்வி. ரயத்து என்பவர் தீர்வைக்குப் பொறுப்பேற்றவர். தீர்வைப் பொறுப்பு இல்லாமல் பிறர் நிலத்தில் உழைத்த பண்ணையாட்களும் கூலிகளும் அவ்வகைக்குள் அடங்கார். ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்பே தென்னிந்தியாவில் நிலமற்ற உழைப்பாளிகள் கணிசமாக இருந்தனர் என்று தர்மா குமார் 1965இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. அவர்களை ரயத்துவாரி பார்க்கவில்லை. மவுண்ட் வெர்னன் அடிமைகளின் நிலையும் பாராமகால் பண்ணையாட்களின் நிலையும் ஒன்றல்ல. சட்டமும் சமூகமும் வேறானவை. எனினும், நிலத்தை நேசித்து எழுதிய இரு படையதிகாரிகளின் தாள்களிலும் கடைசிக் கட்ட உழைப்பாளி குரலின்றி நிற்கிறார் என்ற ஒற்றுமை தற்செயலானது அன்று. எழுதுபவரின் தேவை உரிமையாளரின் கணக்காகவோ ஆட்சியாளரின் கணக்காகவோ இருந்ததனால் விளைந்தது அது.

உழவரை அறிந்த படையதிகாரி என்ற புகழுரைக்கு உள்ளிருந்தே ஒரு மறுப்பும் கிடைக்கிறது. சேலம் பிரிவில் ரீடிடம் பயின்ற அதே மக்லியோடு, பின்னர் மலபாரில் தலைமைக் கலெக்டராகித் தீர்வையை உயர்த்தியதை அடுத்து 1803இல் அங்குக் கலகம் மூண்டு, அவர் பதவி விலக நேர்ந்தது. ஒரே பள்ளியில் பயின்றும் விளைவு வேறானது என்றால், அந்தப் பயிற்சி உழவரைப் பற்றிய முழு அறிவைத் தந்துவிடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

5. கல்வராயன் மலை: தாள்கள் நிற்கும் இடம்

கல்வராயன் மலை இன்று கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களுக்கிடையே பகுந்து கிடக்கிறது. இப்பகுப்புக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. 1792இல் கம்பெனிக்கு வந்த சேலம் நாட்டின் கிழக்கெல்லை இம்மலையில் முடிந்தது. மலைக்குக் கிழக்கே கச்சிராயபாளையமும் கள்ளக்குறிச்சியும் அடங்கிய சமவெளி ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியிலேயே இருந்து, 1801இல் கருநாடகம் முழுவதும் கம்பெனி வசமானபோதுதான் தென்னார்க்காட்டுப் பகுதியாகக் கைமாறியது. எனவே ரீடின் அளவைச் சங்கிலி மேற்கே ஆத்தூர்ப் பக்கத்து வயல்களில் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், கோமுகி ஆறு இறங்கும் கிழக்கடிவாரத்து வயல்கள் வேறோர் ஆட்சியின் கணக்கில் இருந்தன. நூல்கள் வழக்கமாகப் பேசும் பாராமகால் உழவரின் கதையைக் கச்சிராயபாளையத்து உழவரின் கதையாக அப்படியே எடுத்துக்கொள்ள இயலாமைக்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் மலைக்கு மேலே இருக்கிறது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரிய கவுண்டர் என்னும் மூன்று தலைமைக் குடும்பங்களின் ஜாகிர்களாக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு விடப்பட்ட பகுதிகளாக, கல்வராயன் மலை நெடுங்காலம் இருந்துவந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் இவ்வுரிமை வழங்கப்பட்டது என்பது மரபு. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் இங்கே சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றைப் பயிரிட்டும், கடுக்காய், தேன், புளி முதலியவற்றைச் சேகரித்தும் வாழ்ந்தனர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிமாரின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் இம்மக்களின் வேளாண்மை, கலப்பை ஓடும் உழவுக்காடும் சரிவில் களைக்கொத்தால் கிளறும் கொத்துக்காடுமாகப் பிரிந்திருந்தது. ஆண்டுதோறும் ஒரே வயலை ஒரே தரத்தில் கணக்கெடுக்கும் முறைக்கு, சில ஆண்டு பயிரிட்டு நிலத்தை ஆறவிடும் இவ்வேளாண்மை இசையாதது.

அரசுக்கும் உழவருக்கும் நடுவே எவரும் கூடாது என்று எண்ணிய மன்றோவின் கொள்கை, சென்னை மாகாணத்தின் பொதுக்கொள்கையாக 1820களில் நிலைபெற்றது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1976இல்தான் கல்வராயன் ஜாகிர்களை அரசு ஏற்றது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைக்கும்போது கொள்கையின் உண்மையான எல்லை புலப்படுகிறது. எண்பது பாளையக்காரர்களை அகற்றத் தயங்காத ஆட்சி, இம்மலைத் தலைவர்களை விட்டுவைத்தது. பாளையக்காரர்களிடம் கோட்டையும் ஆயுதம் ஏந்திய ஆட்களும், அவர்களுக்குக் கீழே வரி விளையும் கருப்புமண் நிலமும் இருந்தன. கல்வராயனில் அச்சுறுத்தலும் குறைவு, வருவாயும் குறைவு. ஆகவே இடைத்தரகரை நீக்கும் நெறி, உழவரின் உரிமையைக் கருதி எங்கும் ஒன்றுபோலச் செயற்பட்டது என்ற புகழ்நெறி விளக்கம் இங்கே நிலைகுலைகிறது. ஸ்டெய்னின் விளக்கம் வலுப்பெறுகிறது. அதோடு ஸ்டெய்ன் சொல்லாத ஒன்றையும் இம்மலை சேர்க்கிறது: ரயத்துவாரி எட்டாத இடத்து உழவர், ரயத்துவாரியின் தாள்களுக்கும் எட்டாதவராகிறார். அரசு நேரடியாக வரி வாங்காத இடத்தில் விசாரணை இல்லை. விசாரணை இல்லாத இடத்தில் கடிதமும் இல்லை.

இந்த இன்மையின் விளைவு ஆவணத்தோடு நிற்கவில்லை. நிலத்துக்குப் பட்டா, ஊருக்குச் சாலை, பள்ளி, மருத்துவம் ஆகிய அனைத்தும் அரசின் கணக்கில் ஓர் ஊர் இடம்பெறுவதைப் பொறுத்தவை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றித் தானாக முன்வந்து வழக்குப் பதிந்து விசாரித்தபோது ஜாகிர் காலத்து வரலாற்றையும் பேச வேண்டியிருந்தது, பழைய தாள்களின் மௌனம் இன்றைய வாழ்வையும் தொடுகிறது என்பதற்குச் சான்று.

6. உழவர் பக்கத்துச் சான்றுகள்

படையதிகாரியின் தாள்களுக்கு எதிரே வைத்துப் படிக்கத்தக்கவை எவை? முதலாவதாக, இன்னொரு படையதிகாரியான காலின் மெக்கன்சியின் சேகரிப்பு. நில அளவையாளரான அவர் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா முதலிய உதவியாளர்களைக் கொண்டு தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் கைபீதுகள் எனப்படும் ஊர் வரலாறுகளைத் திரட்டினார். அவற்றில் ஒரு பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. உழவரின் நேர்க்குரலாக இவற்றையும் கொள்ள முடியாது. ஊர்த் தலைவர்களும் கணக்கர்களும் சொன்னவையே மிகுதி. எனினும் நிலத்தின் உரிமை எப்படி வந்தது என்பதை உள்ளூரார் தம் சொற்களில் சொன்ன முறை இவற்றில் உண்டு. இரண்டாவதாக, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் மாவட்டப் பதிவேடுகளும், சிட்டா, அடங்கல் போன்ற கிராமக் கணக்குகளும். மூன்றாவதாக, மலையாளிகளின் குடிவரவுக் கதைகள், தெய்வ வழிபாடு, நிலத்துக்கு அவர்கள் இட்ட பெயர்கள் ஆகிய வாய்மொழிச் சான்றுகள்.

நான்காவது வகையை ஆய்வுலகம் இன்னும் போதிய அளவு மதிக்கவில்லை. உழவர் வீடுகளிலேயே கிடக்கும் தாள்கள் அவை. கச்சிராயபாளையம் வட்டாரத்தில் கோமுகி அணையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் வந்தபின், கரும்புப் பதிவுச் சீட்டு, வெட்டு உத்தரவு, எடைச்சீட்டு, சங்கக் கடன் கணக்கு, பத்திர நகல், பட்டா ஆகியவை ஒவ்வோர் உழவர் குடும்பத்திலும் சேர்ந்துள்ளன. மலைமேல் ஜாகிர் ஒழிப்பை ஒட்டி நிலம் பதிவான காலத்துத் தாள்கள், இரு ஆட்சிமுறைகள் கைமாறிய தருணத்தின் நேர்ச்சான்றுகளாகும். ஒரு படையதிகாரியின் கடிதக்கட்டு தனித்தாள் என்ற மதிப்போடு காப்பகத்தில் இடம்பெறும்போது, ஓர் உழவரின் தகரப்பெட்டிக்குள் இருக்கும் தாள்களுக்கு அம்மதிப்பு ஏன் கிட்டக் கூடாது என்பது நியாயமான கேள்வி. விளைச்சல், கடன், காத்திருப்பு, விலை ஆகியவற்றை அனுபவித்தவரின் பக்கத்திலிருந்தே அவை பதிகின்றன. மன்றோவின் தாள்களில் இல்லாதது அந்தப் பக்கம்தான்.

7. முடிவுரை

மேலே கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. மன்றோவின் தாள்கள் பாராமகாலின் நிலம், பயிர், தீர்வை ஆகியவற்றுக்கு இன்றியமையாத சான்று. தம் ஆட்சியின் சுமையை அதன் ஆசிரியரே ஒப்புக்கொண்ட இடங்களில் அச்சான்று மிகவும் வலிமையுடையது. உழவரின் உள்ளத்துக்கும், தீர்வைப் பொறுப்பற்ற உழைப்பாளியின் வாழ்வுக்கும் அவை சான்றாகா; எழுத்தின் நெருக்கமான தொனியைக் கண்டு அவற்றின் எல்லையை மறப்பது ஆய்வுப் பிழையில் முடியும். வருவாய் குறைந்த கல்வராயன் போன்ற இடங்களை வைத்து அளக்கும்போதே ரயத்துவாரியின் நோக்கமும் எல்லையும் சரியாகத் தெரியும். சமவெளியை மட்டும் வைத்து எழுதப்படும் வரலாறு அக்கொள்கையின் சொந்த விளக்கத்தையே திருப்பிச் சொல்வதாக முடியும்.

2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, தன் வரலாற்றை எழுதும் தறுவாயில் இருக்கிறது. அவ்வரலாறு பழைய மாவட்டக் கையேடுகளை மட்டும் நம்பி எழுதப்பட்டால், மலையும் அடிவாரமும் மீண்டும் வரிக்கணக்கின் ஓரத்திலேயே நிற்கும். கல்லூரிகளும் நூலகங்களும் உழவர், மலையாளிக் குடும்பங்களின் இசைவோடு அவர்களுடைய தாள்களைப் படியெடுத்து, மூலத்தை அவர்களிடமே விட்டு, படியை ஆய்வுக்கு வைக்கும் பணியைத் தொடங்க வேண்டும். காகிதம் மழைக்கும் செல்லுக்கும் தாங்காது. ஜாகிர் காலத்தை நேரில் கண்டவர்களும் முதுமை எய்திவிட்டனர். லண்டனில் பாதுகாக்கப்படும் மன்றோவின் கடிதங்கள் இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்கும். உழவர் வீட்டுத் தாள்கள் காத்திருக்கமாட்டா என்பதால் முன்னுரிமை இவற்றுக்கே உரியது.